ஈரக் காலுக்கு ஒரு தரை

என் கூடப்பிறந்த மர்லியா ராத்தாவுக்குக் கலியாணம் நிச்சயமான மறுநாளே இத்ரூஸ் மாமா பின்னறைக்குள் போய்க் குதிகாலால் தரையைக் குத்திப் பார்த்தார். மண் பொடிந்து குழி விழுந்தது.

"இந்தத் தரையில மாப்பிள்ளைய எறக்க ஏலாது" என்றார்.

எங்கள் ஆட்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அறை கொடுப்பது பெண் வீட்டின் பொறுப்பு. கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு நாள் வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் பின்னறையோ களிமண்ணும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்த தரை. தொழுகிற இடம் என்பதால் சாணம் மெழுகுவதில்லை. மாரியில் ஈரம் ஊறி, விரித்த பாயின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்துவிடும்.

வாப்பா மவுத்தான பிறகு எங்களையும் கடையையும் பார்த்துக்கொண்டது உம்மாவின் தம்பியான இத்ரூஸ் மாமாதான். சுவருக்கு வெள்ளையடிப்பதையும் ஜன்னலைப் பெரிதாக்குவதையும் அவர் எடுத்துக்கொண்டு, தரையை என்னிடம் விட்டார். நான் அப்போது பதுளைக் கடைத்தெருவில் நடந்த மாலை வகுப்பில் இங்கிலீஷும் அளவைக் கணக்கும் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கிறவன் பார்த்துத் தெரிவு செய்யட்டும் என்பது மாமாவின் எண்ணம். அவருக்கு என்னைத் தெரியாது. ஒரு கூட்டலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசி விடையையும் சந்தேகப்படுகிறவன் நான்.

அது ஜெர்மன் சண்டை முடிந்து சீமெந்துப் பீப்பாய்கள் மறுபடி வரத் தொடங்கிய காலம். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கு மேல் மாட்டு வண்டிதான். ஓடு வாங்கினால் வழியில் எத்தனை உடையும், பீப்பாயில் மழை பட்டால் சீமெந்து கல்லாகிவிடுமா என்றெல்லாம் விசாரித்துத் திரிந்தேன். கடைசியில் நான்கு தரைகளுக்கு மாதிரி தேடிக் கொண்டுவந்தேன். ஹாலிஎலப் பக்கத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையின் பழைய தரைப் பலகைகளைக் கழற்றி விற்றார்கள்; அதில் கொஞ்சம். மங்களூர்த் தரை ஓடுகள் கொஞ்சம். கருங்கல் பலகை ஒன்று. நான்காவதை அதே தோட்டத்து மேசன் தம்பையா செய்து தந்தார். தேயிலைப் பெட்டியின் மூடியில் காவி கலந்த சீமெந்தை ஊற்றி, இரும்புக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கியிருந்தார்.

"மூஞ்சி பாத்துச் சவரம் பண்ணிக்கலாங்க, சின்ன மொதலாளி" என்றார். பொய்யில்லை. என் முகம் அதில் சிவப்பாகத் தெரிந்தது.

நான்கையும் குசினிக்குப் பின்னால் வரிசையாகப் பதித்தேன். அடியில் தண்ணீர் ஊற்றி ஈரம் மேலே ஏறுகிறதா என்று பார்த்தேன். கட்டில் காலை இழுத்துக் கீறல் விழுகிறதா என்று பார்த்தேன். மேலே நடந்தும் பார்த்தேன். பலகைக்குக் கறையான் பயம். ஓட்டின் இடுக்கில் ஈரம் கசிந்தது. கல் மாரியில் ஐஸாகிவிடும். மினுக்கிய சீமெந்தில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்குச் சந்தோஷம். தெருவில் வேறெந்த வீட்டிலும் அப்படியொரு தரை கிடையாது என்று உம்மாவும் சொன்னார்.

ராத்தா மட்டும் ஒன்று கேட்டாள். "நீ எந்த நேரம் நடந்து பாத்த?"

வகுப்புக்குப் புறப்படும்போது என்றேன்.

"சப்பாத்தோடயா?"

ஆமென்றேன். வகுப்புக்கு நான் வெறுங்காலோடு போவதில்லை. அவள் சுளகை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். அன்று மாலை வகுப்பில் மாஸ்டர் கரும்பலகையில் போட்ட கணக்கை நான் பிழையாக எழுதிக்கொண்டேன். அவள் எதற்காகக் கேட்டாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ராத்தாவின் கால் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சிறு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவளுடைய இடது கால் மெலிந்து பின்தங்கிவிட்டது. நடக்கும்போது பெருவிரல் தரையை உரசிக்கொண்டு வரும். கலியாணம் பேசும்போது தரகர் அதை மாப்பிள்ளை வாஹித்தின் வீட்டில் சொல்லியிருந்தார். அவர்களும் சரி என்றார்கள். அதன் பிறகு இரண்டு வீட்டிலும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் எப்போதுமே எடுத்ததில்லை.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ராத்தா கிணற்றடியில் கை கால் கழுவி வுளு எடுத்துவிட்டு வந்தாள். வழியில் அந்த மாதிரிகள் கிடந்தன. சிவப்புச் சீமெந்தின் மேல் கால் வைத்தாள். இடது கால் வழுக்கி அவளை விட்டு ஓடியது. துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள். நான் நின்றேன்.

"மாமாக்கு இதச் செல்லாத" என்றாள்.

தண்ணீரை நான் தரைக்கு அடியில் ஊற்றிப் பார்த்தேனே தவிர மேலே ஊற்றிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் தொழுகைக்கு முன் யாரும் உலர்ந்த காலோடு அறைக்குள் போவதில்லை. ஒரு நாளில் ஐந்து தடவை அந்தத் தரை ஈரக் காலைத் தாங்க வேண்டும். நான் அதில் சப்பாத்துப் போட்டு நடந்திருக்கிறேன்.

ராத்தாவிடம் நான்கிலும் ஈரக் காலோடு நடந்து காட்டச் சொன்னேன். முதலில் முறைத்தாள். பிறகு நடந்தாள். ஓட்டின் இணைப்பில் விரல் தட்டியது. கல்லில் கொஞ்சம் நின்றதும் கால் விறைத்துவிட்டது என்றாள். பலகை நன்றாகப் பிடித்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. கறையானுக்குத் தார் பூசிவிடலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

அவள் பலகையிலிருந்து இறங்கினாள். "இது வாணாம். ஒரு அடி டக்கெண்டு கேக்குது, மத்தது இழுபடுற சத்தம். நான் எங்க போறேன், எங்க வாறேன் எண்டு முழு ஊட்டுக்கும் கேக்கும்."

அப்படியானால் நான்கும் போயிற்று. நான் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். ராத்தா கிணற்றடியைக் காட்டினாள். கிணற்றைச் சுற்றிய கட்டும் சீமெந்துதான். தம்பையா முந்திய வருஷம் தோட்டத்து வேலையில் மிஞ்சிய கலவையில் போட்டது. மட்டம் பிடித்த மரக்கட்டையின் சொரசொரப்பு அப்படியே அதில் இருந்தது.

"அதுல எப்பவும் தண்ணிதான். ஒரு நாளும் நான் உழுந்ததில்ல. ஆரும் என்னட்டக் கேட்டீங்களா?"

அன்று இரவுச் சாப்பாட்டில் மாமாவிடம் சொன்னேன். தரை சீமெந்துதான், காவியும் இருக்கட்டும், மினுக்கு மட்டும் வேண்டாம் என்றேன். காரணத்தைச் சொல்லாமல் வழுக்கும் என்று மட்டும் சொன்னேன். மாமா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் சிரித்தார்.

"மாப்பிள்ளைக்கு அறை குடுக்கச் சென்னா, நீ கிட்டங்கி கட்டப் போற. சாக்கு அடுக்கவா?"

ஆனாலும் விடவில்லை. அடுத்த நாள் கடையில் கேட்டேன். அதற்கு அடுத்த நாளும் கேட்டேன். கடைசியில் சலித்துப்போய், என்னவோ செய் என்று கையை உதறினார். தம்பையாவுக்கும் மனமில்லை. தேய்த்து முடிக்காமல் போனால் அரைகுறை வேலை என்று ஆட்கள் சிரிப்பார்களாம். தன் பேர் கெடுமாம். மரக்கட்டையோடு நிறுத்திவிடுங்கள் என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

சீமெந்து போட்ட அன்று மூலை மட்டத்தையெல்லாம் பார்த்துவிட்டு மாலை வகுப்புக்குக் கிளம்பினேன். வகுப்பு வாசல் வரை போய்விட்டேன். கதவடியிலும் மரக்கட்டையோடுதான் நிறுத்த வேண்டும் என்று சொன்னேனா? சொன்னது போலவும் இருந்தது. நினைத்ததோடு விட்டது போலவும் இருந்தது. உள்ளே மாஸ்டர் ஆஜர் கூப்பிடத் தொடங்கியிருந்தார். நான் திரும்பி வீட்டுக்கு ஓடினேன்.

அறை வாசலில் மாமா நின்றார். உள்ளே தம்பையா பலகைப் பாலத்தின் மேல் குந்தியிருந்து இரும்புக் கரண்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் பாதித் தரை மினுங்கியது. மங்கும் வெளிச்சம் அதில் வழுக்கிக்கொண்டு கிடந்தது.

"மொதலாளிதான் தேக்கச் சொன்னாருங்க" என்று தம்பையா என்னைப் பார்க்காமல் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்து பார்க்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று மாமா கேட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இறுகினால் போயிற்று, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்பது மட்டும் தலைக்குள் ஓடியது. அதற்குள் பின்னால் ராத்தா வந்துவிட்டாள். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். கையில் வாசல் கூட்டுகிற தும்புத்தடி. அந்நிய ஆண் இருக்கும் இடத்துக்கு அவள் அப்படி வந்ததில்லை. தம்பையா எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"தள்ளுங்க மாமா" என்றாள். "இதுல நடக்கப் போறது நான்."

"புள்ள, நீ உள்ளுக்குப் போ."

"உள்ளுக்குத்தான் போறேன்."

பலகையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, மினுங்கிய இடத்தில் தும்புத்தடியை அழுத்தி இழுத்தாள். தெளிவான கோடுகள் விழுந்தன. நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இன்னொரு தும்புத்தடியோடு மற்றப் பலகையில் உட்கார்ந்தேன். என் முதல் கோடு நெளிந்தது. தம்பையா சுவரைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மரச்சட்டம் ஒன்றை என் பக்கம் நீட்டினார்.

"சட்டத்த வச்சு இழுங்க. கோடு கோணலாப் போனா அதையும் என் வேலன்னுதான் சொல்லுவாங்க."

மாமா வெளியே போனார். நாங்கள் ஜன்னலடியிலிருந்து பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்தபோது சீமெந்து கையை எதிர்க்கத் தொடங்கியிருந்தது. கடைசி இழுப்பு கதவடியில். அதை ராத்தாதான் இழுத்தாள். கை ஓய்ந்து போயிருந்ததால் சட்டம் விலகிக் கோடு வளைந்தது. திருத்தப் பார்த்தோம். இறுகிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தது தரை நன்றாகக் காய்ந்த பிறகு. வாஹித்தின் உம்மா ஸித்தி ஸுபைதா எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்புகிற ஆளல்ல என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சுவரைத் தொட்டு, ஜன்னலைத் திறந்து மூடிப் பார்க்கும் சத்தம் முன்னறையில் இருந்த எனக்கும் மாமாவுக்கும் கேட்டது. அஸர் பாங்கு சொன்னதும் எல்லோரும் கிணற்றடிக்குப் போய் வுளு எடுத்துவிட்டு அறைக்குள் திரும்பினார்கள். நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

"என்ன, தேச்சு முடிக்கல்லியா?" ஸித்தி ஸுபைதாவின் குரல்.

உம்மா அவசரமாக, மேலே பெரிய பாய் ஒன்று விரிக்கப் போகிறோம், தெரியவே தெரியாது என்று தொடங்கினார். மாமா என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

"பாய் வாணாம் உம்மா." ராத்தா பேசினாள். சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. "மாமி, எனக்கு இடது கால் இழுபடுற. பாய் விளிம்புல தட்டும். மினுக்கினா வுளு எடுத்திட்டு வாற நேரம் வழுக்கும். அதுக்குத்தான் இப்பிடிக் கேட்டுப் போட்டது. இந்த அறையில செவரப் புடிக்காம நடக்கோணும் எனக்கு."

வெளியே தெருவில் ஒரு வண்டி போனது. மாமாவின் கை நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"அப்ப" என்றார் ஸித்தி ஸுபைதா கடைசியில், "தொழ முஸல்லாவ எந்தப் பக்கம் விரிக்கிற? நேரம் போகுது."

"ஜன்னலடியில, மாமி. நான் விரிக்கிறேன்."

அவள் அறையைக் குறுக்கே கடந்து நடப்பது கேட்டது. ஈரக் கால்களின் ஓசை, இடையில் அந்த மெல்லிய உராய்வு. சுவரோரம் போகாமல் நேராக நடுவால் போனாள். எங்கும் நிற்கவில்லை.

அவர்கள் தொழுது, சாப்பிட்டு, போன பிறகு மாமா தனியாகப் பின்னறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு குனிந்து கதவடியைக் காட்டினார்.

"இந்தக் கோடு வளைஞ்சீக்கே. நீ பாக்கல்லியா?"

"பாத்தேன். அது ராத்தா இழுத்தது."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே அதைப் பார்த்தார்.

"அப்ப, அது அப்பிடியே ஈக்கட்டும்" என்றார்.