நீலக் கட்டுக்குள் எண்பத்திரண்டு

நீலத் துணிக்கட்டை இடுப்பில் பிள்ளையைப் போல இடுக்கிக்கொண்டு, நீதிமன்றக் கட்டிடத்தில் சட்டத் திருத்தக் குழு கூடியிருந்த அறைக்கு வந்தாள் பதிவறைக்காரி. "மூட்டையை வெளியில வச்சிட்டு வாங்கம்மா," என்றார் காவலாளி.

"சாட்சியே இதுதாங்க. நான் சும்மா துணைக்கு வந்தவ."

பதினெட்டு வருடமாகக் குடும்ப நீதிமன்றத்தில் கோப்பு அடுக்குகிறாள். அலமாரியில் இடமில்லாததால், தகப்பன்மேல் தாய் தொடுக்கும் குழந்தைப் பாதுகாப்பு வழக்குகளில் உத்தரவு கிடைக்காமல் முடிந்த அத்தனையையும் காரணம் பாராமல் ஒரே நீலத் துணியில் கட்டுவது அவள் வழக்கம். போன வருடம் கைபேசியும் கையுமாக வந்த ஒருவர், கடைசியாக முடிந்த நூறு வழக்கில் எத்தனை நீலம் என்று கேட்டார். எண்பத்திரண்டு என்று சொல்லித் தொலைத்தாள். அவர் பரப்பியதில், மறுவாரமே நூறு புகாரில் எண்பத்திரண்டு பொய் என்று ஊரே பேசியது. அதை நம்பித்தான் இந்தத் திருத்தம்: புகாரை நிரூபிக்காத தாயிடமிருந்து பிள்ளையை வாங்கித் தகப்பனிடம் கொடுத்துவிடலாமாம்.

அந்தக் கட்டுக்குள் அவள் தங்கையின் கோப்பும் இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாய்தாவுக்கு வராமல்போனவள். அப்பா என்ற சொல் கேட்டாலே மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளும் அந்த ஆறு வயதுக்காரியை நினைத்தால் பதிவறைக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாயால் வந்த வினை.

"எண்பத்திரண்டுன்னு சொன்னது நீங்கதானே?" என்று கேட்டார் குழுத் தலைவி.

"நான்தாங்கம்மா. பொய்யின்னு சொன்னது நானில்ல."

முடிச்சை அவிழ்த்தாள். நீதிபதியிடம் அனுமதி வாங்கி, பெயர்களின் மேல் தாள் ஒட்டி, இரண்டு மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் கடைசிப் பக்கம் கடைசிப் பக்கமாகப் படித்திருந்தாள். மேசைமேல் மூன்று அடுக்காக வைத்தாள். ஐம்பது, வாய்தாவுக்கு ஆள் வராதவை. இருபத்தெட்டு, திரும்பப் பெற்றவையும் ஆதாரம் போதாதவையும். மூன்றாவது அடுக்கை ஒரு கையால் தூக்கிக் காட்டினாள். பொய் என்று நீதிபதியே எழுதியவை, நான்கு.

பார்வையாளர் வரிசையிலிருந்து அதே கைபேசிக்காரர் எழுந்தார். "அப்ப மத்ததெல்லாம் உண்மைங்கிறீங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் தெரியாது."

அறையில் யாரோ சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. மூன்று அடுக்கையும் புரட்டிப் பார்த்தார், நிதானமாக, அரைமணி நேரம். பிறகு வரைவை எடுத்து அந்தப் பிரிவின் குறுக்கே கோடு கிழித்தார். குழுவினர் ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டார்கள். பதிவறைக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் மூன்று அடுக்கையும் மூன்று கயிற்றில் தனித்தனியாகக் கட்டிய பிறகுதான் வெளியே வந்தாள்.

தாழ்வாரத்து பெஞ்சில் மகளோடு காத்திருந்த தங்கை, அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு எழுந்தாள். சின்னவள்தான் கேட்டாள்.

"பெரியம்மா, இந்தத் துணி இனிமே வேணாமா?"

"வேணாம்டி. நீயே வச்சுக்க."

சின்னவள் நீலத் துணியைத் தோளில் முடிந்துகொண்டு, நீதிமன்றப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். துணி பின்னால் படபடத்தது.