நீலச் சீட்டுச் சுண்டெலிகள்

சுண்டெலிக்குத் துணிச்சல் வந்ததில் தப்பில்லை. வரக்கூடாத சுண்டெலிக்கு வந்ததுதான் வம்பு.

சிவப்புச் சீட்டு ஒட்டிய கூண்டுகளுக்கு மூளை நரம்பை வளர்க்கும் புரத ஊசி. நரம்புகள் ஒன்றோடொன்று நன்றாகப் பேசிக்கொண்டால் பயம் குறையும் என்பது ஆராய்ச்சிக்காரப் பெண்ணின் எண்ணம். நீலச் சீட்டுகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசிதான். அவை சோதனைப் பெட்டியின் சுவரோரமே பம்ம வேண்டும். அன்றைக்கோ ஒரு நீலச் சீட்டு பெட்டியின் நடுவுக்கு வந்து, மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை போல உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டது.

"நீலம் ஆறும் இப்படித்தான்க்கா," என்றாள் அந்தப் பெண், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு. "ஊசியால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு ஆயிடும். மூணு வருஷ உழைப்பு. நாளைக்குப் புரொபசர் மூட்டை கட்டச் சொல்லிடுவார்."

கூண்டு கழுவும் அக்கா கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். சீட்டில் எழுதாத எதையும் கூண்டுக்குள் போடக்கூடாது. அங்கே அதுதான் முதல் விதி. சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் மூன்று வருஷம் போகும்.

"பாப்பா... நீலத்துக்கெல்லாம் நான் அட்டைக் குழாய் போட்டேன்."

"என்ன குழாய்?"

"கை துடைக்கிற பேப்பர் தீர்ந்தா மிஞ்சுமே, அது. மத்ததுங்களுக்கு மருந்து, இதுங்களுக்கு வெறும் உப்புத் தண்ணி. பாவமா இருந்துச்சு. நீ வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா. நுழைஞ்சு நுழைஞ்சு விளையாடும் பாரு..."

அவள் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அக்கா பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள். சிரிப்பு!

"அக்கா, விளையாட்டுச் சாமான் கிடைச்சா எலி மூளை அதே புரதத்தைத் தானாவே கூடச் சுரக்கும். என் ஊசி செய்யறத நீ அட்டையில செஞ்சுட்டியே! இரு, அளந்து பார்த்துடலாம்."

அளந்தார்கள். நீலச் சீட்டுகளின் மூளையிலும் புரதம் ஏறித்தான் இருந்தது.

புரொபசர் அரைமணி நேரம் அக்காவை வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு அளவுத்தாளை இரண்டு தடவை படித்தார். "முதல்லேர்ந்து பண்ணுங்க. இந்த முறை மூணு கூட்டம்," என்றார்.

மூன்றாவது கூட்டத்துக்குப் பச்சைச் சீட்டு. அதில் எழுதியிருந்தது: அட்டைக் குழாய், தினம் ஒன்று. போடுபவர்: கூண்டு கழுவும் அக்கா.

அக்கா பச்சைக் கூண்டுகளுக்கு ராணி மாதிரி குழாய்களைப் பங்கிட்டாள். பக்கத்துக் கூண்டிலிருந்து ஒரு புது நீலச் சீட்டு, கம்பியில் மூக்கை வைத்து அவளையே பார்த்தது.

"என்னைப் பார்க்காதடா," என்று சொல்லிவிட்டு, மிச்சக் குழாயை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.