நோன்பு நாற்பதும் ஒரு ஜன்னலும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து வந்தது. யாஷ் நகரில், நான் குடியிருக்கும் பழைய கட்டடத்தின் ஒன்பதாவது மாடிக்கு நேர் எதிரே, போன வசந்தத்தில் ஒரு புதுக் கட்டடம் எழும்பியது. ஈஸ்டருக்குள் என் வீட்டு வெளிச்சம் போய்விட்டது. கோபத்தோடு கீழே காப்பிக் கடைக்குப் போனபோது, அந்தச் சுவரை வைத்தவர்களில் ஒருவனே பக்கத்து மேசையில் பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தான். பெயர் நிகிஃபோர். கிரேன் தூக்கும் சுமைக்குச் சங்கிலி மாட்டிக் கைச்சாடை காட்டுபவன். சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். எழுந்தபோது கையில் ஒரு கதை இருந்தது.

கதை அவனுடையதல்ல. கிரேன் ஓட்டிய கிளிகேரியாவுடையது. அவளிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. இனி நீங்கள் படிக்கப்போகும் அவள் மனத்தில் பாதி நிகிஃபோர் சொன்னது. மீதி நான் சேர்த்தது. எது எது என்று கோடு போட்டுக் காட்ட முயன்றேன். முடியவில்லை.

2.

தொடக்கங்கள்:

*கிளிகேரியா நாற்பத்தைந்து மீட்டர் ஏணியில் ஏறும்போது நகரம் அவள் காலடியில் ஒரு பழைய கம்பளத்தைப் போல*

(வேண்டாம். இருபத்தாறு வருடமாக ஏறுகிறவளுக்கு நகரம் எதைப் போலவும் இருக்காது.)

*அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், ஆனால்*

(இதற்கு வர வேண்டும். இப்போது இல்லை.)

*பாவசங்கீர்த்தனத்தில் அவள் சொன்ன பாவம் பாதிரியாருக்கே புரியவில்லை.*

இது நிற்கட்டும்.

3.

பாவசங்கீர்த்தனத்தில் அவள் சொன்ன பாவம் பாதிரியாருக்கே புரியவில்லை.

"ஜன்னலா?" என்றார் ஃபாதர் இலாரியோன். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர்கள் சபையில் பாதிரியார்கள் மணம் செய்துகொள்ளலாம்; வீட்டில் மூன்று குழந்தைகள். அங்கியின் தோளில் எப்போதும் ஏதாவது ஒரு கறை.

"ஆமா ஃபாதர். எதிர்க் கட்டடத்துல, ஒன்பதாவது மாடி. தினம் பத்து மணிக்கு அந்தப் பொண்ணு ஜன்னலோரமா சிவப்புத் தொட்டிய வச்சு புள்ளையக் குளிப்பாட்டுது. நான் சுமையத் தொங்கவிட்டுட்டு பாத்துக்கிட்டே இருக்கேன்."

"குழந்தையப் பாக்குறது பாவமா என்ன?"

"நான் பாக்குற மாதிரி பாத்தா பாவம்தான்."

அவள் சொன்னாள். மகள் ஸ்டெலுட்சா வெளிநாட்டில், டூரினில் இருக்கிறாள். கல்யாணத்தின்போது கிளிகேரியா மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. பேரன் பிறந்ததையே மகளின் தோழி சொல்லித்தான் தெரியும். ஒரு போட்டோகூட வரவில்லை.

"அந்தப் புள்ளைக்குக் காது எப்படி, முட்டி எப்படின்னு எனக்கு மனப்பாடம் ஃபாதர். வீட்டுக்குப் போயி அந்த மூஞ்சிய என் பேரனுக்கு ஒட்டிக்கிறேன். அதோட அந்தப் பொண்ணு மேல எரிச்சல் எரிச்சலா வருது. ஒருநாள் புள்ள கண்ணுல சோப்பு பட்டு அழுதுச்சு. எனக்கு சந்தோசமா இருந்துச்சு."

ஃபாதர் இலாரியோன் தோளில் இருந்த கறையை நகத்தால் சுரண்டினார். பிறகு சொன்னார்: "கண்ணும் சாப்பிடுதும்மா. நீங்க அடுத்தவங்க வீட்டுத் தட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. தவக்காலம் வருது, இறைச்சி, பால், முட்டை விடுறோம். கண்ணுக்கும் நோன்பு வைங்க. நாற்பது நாள் அந்த ஜன்னல் வேண்டாம்."

"நாற்பது நாளா?" என்றாள் கிளிகேரியா. குரல் உடைந்துவிட்டது.

ஏன் உடைந்தது என்பது அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும். கிரேனுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில்தான் புதுக் கட்டடம் ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சினியரின் அட்டவணைப்படி ஈஸ்டருக்கு முன் பத்தாவது தளத்தின் சுவர் முடிந்துவிடும். அதோடு ஜன்னல் மறைந்துவிடும். அந்தச் சுவரின் ஒவ்வொரு கான்கிரீட் பலகையையும் தூக்கி வைக்கப்போவது அவளே. பார்ப்பதற்கு மிச்சமிருந்த நாட்கள் மொத்தமே அந்த நாற்பதுதான்.

சொல்லியிருந்தால் அவர் குறைத்திருப்பார். அவள் சொல்லவில்லை. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள், மன்னிப்பு ஞாயிறு மாலையில் கோவிலில் எல்லோரும் ஒருவர் முன் ஒருவர் குனிந்து மன்னிப்புக் கேட்டபோது அவளும் குனிந்தாள். ரேடியோவில் வாய்க்கு வந்தபடி திட்டியதற்காக நிகிஃபோரிடம் கேட்டாள்.

"கடவுள் மன்னிக்கட்டும்க்கா," என்றான் அவன். "நாளைக்கு எட்டு மணிக்கு மறுபடியும் திட்டுவ, அதையும் சேத்தே மன்னிச்சுட்டேன்."

4.

(இந்த இடத்தில் ஒரு குறிப்பு. ஜன்னலுக்குள் இருப்பவர்களை எனக்குத் தெரியும். எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்று என்னுடையது, மற்றது அவர்களுடையது. அந்தப் பெண்ணின் பெயர், அவள் கணவன் எங்கே, எதற்காக ஜன்னலோரத்தில் குளிப்பாட்டுகிறாள், எல்லாம் தெரியும். முதல் வரைவில் நான்கு பக்கம் உள்ளே போய் உட்கார்ந்திருந்தேன். பிறகு கிழித்தேன். கிளிகேரியா வெளியே நிற்கும்போது நான் மட்டும் உள்ளே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.)

5.

எப்படிப் பார்க்காமல் இருப்பது? கண்ணை மூடிக்கொண்டு கிரேன் ஓட்ட முடியாது. சுமை எங்கே போகிறதோ அங்கே பார்வையும் போக வேண்டும். சுமை பெரும்பாலும் அந்த ஜன்னல் பக்கமே போனது. முதல் நாள் பதினோரு முறை தவறினாள். பார்வை தானாக ஓடிவிடும். திருட்டுப் பூனையைத் துரத்துவதுபோல் துரத்தி இழுப்பாள். இரண்டாம் நாள் ஒன்பது முறை. மூன்றாம் நாள் ஒரு வழி கண்டாள். கொக்கியைப் பார்ப்பது, கொக்கிக்குக் கீழே சுமையைப் பார்ப்பது, சுமைக்குக் கீழே நிகிஃபோரின் கைகளைப் பார்ப்பது. அதோடு நிறுத்திக்கொள்வது.

இனி வருவதை எழுதும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நிகிஃபோர் இதை ஒரே வரியில்தான் சொன்னான்: "அக்காவுக்கு மேல என்னவோ ஆயிடுச்சு, ஒரு நாள் ரேடியோவுல அழுதுக்கிட்டே 'நிழலப் பாருடா, நிழலப் பாரு'ன்னுச்சு."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் பார்த்தேன். இரண்டாவது வாரத்தில் கிளிகேரியா கண்டது இது: சுமை போய்ச் சேரும் முன்பே அதன் நிழல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இரண்டு டன் பலகையின் நிழல் தளத்தின்மேல் சத்தமே இல்லாமல் ஊர்ந்து, தன் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே காத்திருக்கிறது. பிறகு பலகை இறங்கி அதன்மேல் அமர்கிறது. இருபத்தாறு வருடம் இது அவள் கண்முன்னே நடந்திருக்கிறது.

மூன்றாவது வாரத்தில் நிகிஃபோரின் கைகள். "மெதுவா" என்று காட்டும்போது விரல்கள் காற்றில் எதையோ தடவிக் கொடுப்பதுபோல் அசைகின்றன. யார் தலையையோ. அவள் ரேடியோவை எடுத்து, "டேய், உனக்குக் குழந்தை இருக்காடா?" என்றாள்.

"மூணு. எட்டு வருசமா கூட வேலை பாக்குற, இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

நான்காவது வாரத்தில் மழை வந்தது. அவளுக்குக் கீழே, நகரத்தின் பாதியில் மட்டும் பெய்தது. அதன் ஓரம் தெருத் தெருவாக நடந்து வருவதைப் பார்த்தாள். கொக்கியில் தொங்கிய ஒரு துளிக்குள் வானம் தலைகீழாக, முழுசாக இருந்தது. கிளிகேரியா மூச்சை அடக்கிக்கொண்டாள், துளி விழுந்துவிடுமோ என்று. இவை எதையும் அவள் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. எல்லாம் தானாக அவள் முன்னால் வந்து நின்றன. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

(நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லாம் இங்கேதான் குழந்தை ஜன்னல் விளிம்பில் ஏறும். நோன்பை முறித்து அவள் பார்ப்பாள், காப்பாற்றுவாள், அழுவோம். அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். குழந்தையை விளிம்பில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறது.)

6.

ஐந்தாவது வாரம் நிகிஃபோர் ஒன்பதாவது தளத்தில் நின்று வேலை செய்தான். ஜன்னல் அவனுக்கு நேர் எதிரே.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?" ரேடியோ கரகரத்தது. "அந்த ஜன்னல் பொண்ணு மேல உனக்கு என்ன கோவம்?"

"எந்த ஜன்னல்?" என்றாள், நன்றாகத் தெரிந்துகொண்டே.

"தினம் பத்து மணிக்கு புள்ளையத் தூக்கி உனக்குக் காட்டுது. புள்ள கைய ஆட்டுது. நீ என்னடான்னா கல்லு மாதிரி உக்காந்திருக்க."

"உனக்கு ஆட்டும்டா."

"எனக்கா? நானும் ஆட்டிப் பாத்துட்டேன். என்னப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. உன் கூண்டுதான் வேணுமாம் அதுக்கு. குளிர்காலம் பூரா நீதான பாத்துக்கிட்டு இருந்த?"

கிளிகேரியா ரேடியோவை மடியில் வைத்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து உலகத்தைப் பார்க்கிறோம், உலகம் நம்மைப் பார்க்கவில்லை என்று இருபத்தாறு வருடம் நம்பியிருந்தாள். அவள் திருடிய ஒவ்வொரு பார்வையும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே அதை யாரோ அன்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று மாலை கோவிலுக்குப் போனாள். ஃபாதர் இலாரியோன் வாசலில் காருக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள், சுவர் ஏறுவதையும் இப்போதுதான் சொன்னாள்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா குறைச்சிருப்பீங்க."

"குறைச்சிருப்பேன்."

"அதான் சொல்லல. இப்பச் சொல்லுங்க, பாக்கவா வேண்டாமா?"

"நான் விடச் சொன்னது எடுத்துக்கிறத. அந்தப் புள்ள கொடுக்குது. அதுக்கு என்கிட்ட பரிகாரம் எதுவும் இல்ல." முழங்கையால் நெற்றியைத் துடைத்தார். "பசிக்காம உங்களால பாக்க முடியுமா?"

"தெரியல ஃபாதர்."

"எனக்கும் தெரியலம்மா. அந்த நட்ட எடுங்க, கால்கிட்ட கிடக்கு."

7.

கடைசிப் பலகை புனித வாரத்தின் திங்கட்கிழமை ஏறியது. மணி பத்தாக ஐந்து நிமிடம்.

முதலில் எழுதிய முடிவு: அவள் பார்க்கிறாள், குழந்தை சிரிக்கிறது, அவள் கை அசைக்கிறாள், அன்றிரவே மகளுக்கு— அழித்துவிட்டேன். மகள் இந்தக் கதைக்குள் வரச் சம்மதிக்கவில்லை.

இரண்டாவது: அவள் பார்க்கவில்லை. பலகை அமர்கிறது. அவள் முகத்தில் ஒளி— அதையும் அழித்தேன். உயிருள்ள ஒருத்தியை மெழுகுச் சிலையாக்கிவிட்டேன் என்று தோன்றியது.

நடந்ததாக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பலகை இடத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. அதன் நிழல் முன்பே இறங்கிக் காத்திருந்தது. கிளிகேரியா இறக்கவில்லை.

"அக்கா, என்னாச்சு? காத்து வருது."

"ஒரு நிமிசம் இருடா."

நிகிஃபோருக்கு இரண்டு பக்கமும் தெரியும். பின்னால் ஜன்னல்; மேலே கூண்டு. ஊர்க்கதை ஒன்றையும் விடாதவன், என்னிடம் மணிக்கணக்கில் வாயடித்தவன், அந்த நிமிடத்தில் என்ன செய்தான் தெரியுமா? குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாக்கலையா?" என்றேன் காப்பிக் கடையில். மேசையைக் குத்தியே விட்டேன். "அவ்வளவு கிட்ட நின்னுட்டு?"

"அது அவங்களுக்குள்ளப்பா. நான் எதுக்கு நடுவுல?" சூப்பை ஒரு வாய் குடித்தான். "ஆனா ஒண்ணு. அந்த ஒரு நிமிசம் அவ்வளவு பெரிய பலகை துளிகூட ஆடல. காத்து அடிக்குது, அது ஆடல. நான் சும்மா என் பூட்ஸத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், என்னமோ கோவிலுக்குள்ள நிக்கிற மாதிரி இருந்துச்சு."

பிறகு ரேடியோவில் அவள் குரல் வந்தது. "இறக்குறேன்." அவன் கையால் "மெதுவா" என்று காட்டினான். சுவர் மூடியது.

8.

பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும், மேலே கூண்டுக்குள் ஒரு முகம் நிமிர்ந்ததா என்று. எனக்கும் அவளுக்கும் நடுவே மூன்றடி நடைவழி. கதையை முடிக்க வேண்டும் என்று இரண்டு முறை கதவுவரை போய்த் தட்டக் கை தூக்கினேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இப்போது விளக்குப் போட்டுத்தான் குளிப்பாட்டுகிறாள். கை தானாக இறங்கிவிட்டது.

ஆனால் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்றால், வழி சொல்லாமல் இருக்க மாட்டேன். இரண்டாவது படிக்கட்டு, ஒன்பதாவது மாடி, இடது பக்கக் கதவு. அழைப்பு மணி வேலை செய்யாது, தட்டுங்கள். நல்ல பெண், கேட்டால் சொல்வாள்.

கொஞ்சம் பொறுங்கள், நான் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.