விசா எழுதிய கேக்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கேக்கிலிருந்து வந்தது. லண்டனின் ஈஸ்ட் ஹாமில் செய்வித்து, ரயில் மாறி மாறி மடியில் வைத்தே கோலியர்ஸ் வுட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கேக். மேலே சிவப்புக் கிரீமில் 'விசாவுக்கு வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தது. விசா கிடைத்திருக்கவில்லை. அதைத் தின்றவர்களில் நானும் உண்டு.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை பெய்துகொண்டிருந்த லண்டனில், கண்ணீரோடு ஓர் அகதி—'

வேண்டாம். வழக்கு நாளன்று நல்ல வெயில். கதையின் அகதி தவமலரும் லேசில் அழுகிற ஆள் இல்லை. குடிவரவு வழக்குகளைக் கேட்கும் ட்ரிப்யூனல் வாசலில் பையைச் சோதித்த காவலாளியிடம், டப்பாவில் இருப்பது மட்டன் ரோல்ஸ், வேண்டுமென்றால் ஒன்று எடுக்கலாம் என்று சொன்னவள்.

அவளுடைய அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தது. அவள் சொன்னதை நம்ப முடியாது என்று அதிகாரி எழுதியிருந்தார். அந்த மறுப்பை எதிர்த்துத்தான் வழக்கு.*

* இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த வகை வழக்கில் நீதிபதி விசா கொடுப்பதில்லை. அதிகாரி எல்லாவற்றையும் கவனத்தில் எடுத்து முறையாக மறுத்தாரா என்று மட்டும் பார்ப்பார். இல்லையென்றால் மறுப்பு ரத்து. பிறகு புதிதாக முடிவெடுக்க வேண்டும். இது தவமலருக்குத் தெரியும். அவள் தங்கியிருக்கும் வீட்டுக்காரி நீலவேணி அக்காவுக்குத் தெரியாது. கேக்குக்குச் சொல்லிவைத்தது நீலவேணி அக்கா.

3.

யோகேஸ்வரன்மேல்தான் எனக்குச் சந்தேகம். மிச்சம் என்ற ஊர்ப்பக்கம் ட்ராம் ஓட்டுகிறவர். எப்போதோ பிரித்தானியப் பிரஜாவுரிமை எடுத்தவர். இவ்வளவு பொறுமையான ஆண் கதைக்குள் வந்தால் யார் நம்புவார்கள்? ஒரு கெட்ட குணமாவது வைக்கலாம் என்று பார்த்தேன். [குடி? இல்லை. குறட்டை? எனக்கெப்படித் தெரியும்.] கடைசியில் உள்ளதையே வைத்தேன். சந்தோஷம் வந்தால் பாடுவார், சகிக்காது.

தவமலரைக் கட்ட விரும்பிக் கேட்டார். அவள் மறுத்தாள்.

"விசா கையில வரட்டும். இப்ப கட்டினா, விசாவுக்காகக் கட்டினவள் எண்டு சனம் கதைக்கும்."

"கதைக்கட்டுமன்."

"எனக்கு ஏலாது."

அவளுக்கு அவரைப் பிடிக்கும். நிறையப் பிடிக்கும். (முந்தைய பிரதியில் இதைப் பூடகமாக எழுதியிருந்தேன். எதற்கு?)

4.

நீதிபதி அங்கேயே தீர்ப்பைச் சொன்னார். தவமலர் சொன்னதை உறுதிப்படுத்தும் வைத்தியரின் அறிக்கையை அதிகாரி கவனத்தில் எடுக்கவேயில்லை. மறுப்பு ரத்து.

லண்டனிலேயே பிறந்து வளர்ந்த வழக்கறிஞர் விதுஷா வெளியே வந்து தவமலரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தவா அக்கா, வின் பண்ணீட்டம். ஆனா விசா இல்லை, ஓகே? அவை திரும்ப டிசைட் பண்ணோணும். திரும்பவும் நோ எண்டும் சொல்லலாம்."

"நான் சொன்னதை நம்பேலாது எண்டு எழுதினவையெல்லோ, அது போயிட்டுதோ?"

"ஓம். அது போயிட்டுது."

"அப்ப இண்டைக்கு எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டுத் தவமலர் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த வரியை எழுதும்போது எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ரோல்ஸ் டப்பா அந்த நடைபாதையிலேயே காலியானது.

5.

வீட்டில் நீலவேணி அக்கா பெருமையோடு கேக் பெட்டியைத் திறந்தார். விதுஷா விளக்கினாள். பிறகு இன்னொருமுறை விளக்கினாள்.

"கேஸ் வெண்டாச்செல்லோ? பிறகென்ன விசா இல்லை?" என்றார் நீலவேணி அக்கா. "அப்ப நான் இந்தக் கேக்கை என்ன செய்யிறது?"

அப்போதுதான் யோகேஸ்வரன் தொண்டையைச் செருமினார்.

"விதுஷா பிள்ளை, முக்கியமான விஷயத்தைக் கவனத்தில எடுக்காமல் மறுத்தா, அந்த மறுப்புச் செல்லாதெல்லோ?"

"ஓம் அங்கிள்."

அவர் தவமலர் பக்கம் திரும்பினார். "நீர் என்னை மறுக்கேக்க சனம் என்ன கதைக்கும் எண்டதை மட்டும்தான் பாத்தனீர். உமக்கு என்ன விருப்பம் எண்டதைக் கவனத்தில எடுக்கேல்லை."

"அதுக்கு?"

"ஓம் எண்டு சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லை. திரும்ப முடிவெடும்."

விதுஷா சிரித்ததில் குடித்த சோடா மூக்கால் வந்தது. தவமலர் மட்டும் சிரிக்கவில்லை. கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6.

முடிவு (அ): அவள் ஓம் என்று தலையாட்டினாள். வெளியே ஒரு பறவை—

முடிவு (ஆ): 'விசா வரட்டும்' என்று மறுபடியும்—

இரண்டிலும் அவளுக்காக நான்தான் பேசுகிறேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே இரண்டும் ரத்து.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். தவமலர் விரலால் 'விசாவுக்கு' என்பதை வழித்து வாயில் வைத்தாள். 'வாழ்த்துகள்' மிஞ்சியது. அதற்கு முன்னால் வெறும் இடம்.

"அக்கா," என்றாள், "வீட்டில ஜாம் இருக்கோ?"

நீலவேணி அக்கா குசினிக்கு ஓடினார். தவமலர் கரண்டி நுனியில் ஸ்ட்ரோபெரி ஜாமைத் தொட்டு, குனிந்து, நிதானமாக எழுதினாள்.

என்ன எழுதினாள் என்று தீர்மானிக்க எனக்கு அதிகாரமில்லை. முடிவை உங்களிடம் அனுப்புகிறேன். எல்லாவற்றையும் கவனத்தில் எடுத்து முடிவெடுங்கள். அவள் நிமிர்வதற்குள் யோகேஸ்வரன் பாடத் தொடங்கிவிட்டதையும்.