கையைக் கட்டிக்கொண்டு நிற்க ஒரு பயிற்சி

1

இந்தக் கதை நான் செய்த ஒரு தவறிலிருந்து பிறந்தது. முதல் வரியாக முதலில் எழுதியது இது: முதுமை என்பது மனித வாழ்வின்—

அடித்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் முதியோரியல் படித்த இரண்டு வருடமும் இப்படித்தான் கட்டுரை எழுதினேன். பிறகு ஒரு பரீட்சையின் பாதியில் எழுந்து வந்தவன் திரும்பிப் போகவில்லை. இப்போது முதியோர் இல்லத்தில் இரவுப்பணி. (காரணம் கேட்காதீர்கள். பெரிதாக எதுவும் இல்லை.)

2

மறுபடி தொடங்குகிறேன்.

மீட்டரம்மாவுக்கு எண்பத்தொரு வயது. முப்பது வருடம் வீடு வீடாகப் படியேறி மின்சார மீட்டர் பார்த்தவர். இடுப்பெலும்பு முறிந்து எங்களிடம் வந்தார். வீடு திரும்ப ஒரு சோதனை உண்டு: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முப்பது விநாடிக்குள் நாற்காலியிலிருந்து எட்டு முறை எழ வேண்டும். முடியாவிட்டால் இங்கேயே இருந்துவிட வேண்டியதுதான்.

சோதிக்க வந்தவள் என் பழைய வகுப்புத்தோழி. கடைசி வருடப் பயிற்சி, கையில் ஸ்டாப்வாட்ச். என் இரவுப்பணி முடிந்த காலை. நான் துணைக்கு நின்றேன்.

நான்காவது முறை எழும்போது மீட்டரம்மா லேசாக ஆடினார். என் கை போய் அவர் முழங்கையைத் தாங்கியது. இரவுப்பணிக்காரன் கை மூளையைக் கேட்பதில்லை.

"கை பட்டுடுச்சு. பூஜ்யம்தான் போடணும்," என்றாள் தோழி.

"விழுந்திருப்பாங்க."

"விழுந்தாங்களா?"

மீட்டரம்மா என்னைப் பார்த்தார். "ஏன் ராத்திரி ராஜா, உன்னை யாராவது கூப்பிட்டாங்களா?"

மறுசோதனை பத்து நாள் கழித்து.

3

இங்கே அவர் என்னை மன்னிக்கும் காட்சி ஒன்று இருந்தது. பொய். அவர் மன்னிக்கவில்லை. தினமும் என் பணி முடியும் நேரத்தில் என்னை எதிரே நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்தார். பயிற்சி எனக்கு. அவர் எழுவார், ஆடுவார். நான் அசையக் கூடாது.

"கையைக் கட்டு. கிழவி நானே கட்டியிருக்கேன், உனக்கென்ன?"

மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் ஆடுகிறார், உடனே தானாக நிமிர்கிறார். அவர் எழுவதே அப்படித்தான். அவர் விழுகிறார் என்று நான் நினைத்தது, அவர் பாதி எழுந்திருந்த நிலையைத்தான்.

[வாசகர் இங்கே ஓர் உவமையை எதிர்பார்க்கலாம். கிடையாது.]

4

மறுசோதனை. நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

ஐந்தாவதில் நன்றாகவே ஆடினார். என் தோள் துடித்தது. (இந்த இடத்தில் அவரை விழவைத்தும் எழுதிப் பார்த்தேன். கதைக்குக் கனம் கூடியது. கிழித்துப் போட்டேன்.)

நிமிர்ந்தார். ஆறு. ஏழு. எட்டு.

"போதும்மா," என்றாள் தோழி.

"நேரம் இருக்கில்ல?"

ஒன்பது. பத்து.

"எழுதிக்கோ," என்றார் மூச்சிரைக்க. "அழியாத பேனாவா பாத்து எழுது."

அவர் இடப்பக்கம் ஆடித்தான் எழுவார் என்பதைத் தோழியிடம் சொன்னேன். அவள் குறித்துக்கொண்டாள். "நான் இதைப் பாக்கவே இல்ல. கோர்ஸ்ல திரும்பச் சேர இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, தெரியுமா?"

"யோசிக்கிறேன்."

"யோசிக்கிறானாம்," என்றார் மீட்டரம்மா. "கை மட்டும் யோசிக்காம வருது."

5

நான் சேர்ந்தேன் என்று முடிக்கலாம். சேர்ந்து மறுபடியும் பாதியில் எழுந்து வந்தேன் என்றும் முடிக்கலாம். இரவுப்பணியிலேயே நரைத்தேன் என்றால் சில பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். மீட்டரம்மா தன் வீட்டில், மூன்றாம் மாடியில் இருக்கிறார். அவர் எழுந்த அந்தப் பத்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.