வெடிக்குப் போனவள்

இடைவேளை முடிந்து விளக்கை அணைத்து ஏழெட்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, வள்ளித்தாய் செத்துப்போனாள். திரையில்தான். பெண்கள் பக்கம் தரை டிக்கெட்டில் சம்மணம் போட்டு, மடியில் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தவளும் அதே வள்ளித்தாய்தான். பொட்டலம் சரிந்து கடலை சிந்திவிட்டது என்று இருட்டில் குனிந்து தடவிக்கொண்டிருந்தாள். கொட்டகை முழுக்க ஒரு சிரிப்பு எழுந்தது. எதற்கு இந்தச் சிரிப்பு என்று அவள் நிமிர்வதற்குள் டமார் என்று ஒரு சத்தம், திரையெல்லாம் புகை. சிரிப்பு அடங்கிவிட்டது. புகை கலைந்தபோது ஒரு பெரிய டிரம் உருண்டு கிடந்தது. அதன்மேல் வளையல் போட்ட ஒரு கை.

பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். "பாவம், சின்ன வயசு."

"அது நாந்தேன்" என்றாள் வள்ளித்தாய்.

அந்த அம்மாள் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். "படத்தப் பாருத்தா" என்று சொல்லிவிட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். வள்ளித்தாய் பாதிப் படத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டாள். பின்னே, செத்த பிறகு அங்கே அவளுக்கு என்ன வேலை?

அறுபத்து நாலாம் வருஷம் ஆடி மாசம் அது. 'பேண்டு மங்கையர்' என்று படத்துக்குப் பெயர். 'சிவகாசிப் பெண்களின் உண்மைக் கதை' என்று சுவரெங்கும் ஒட்டியிருந்தார்கள். உண்மைதான், அப்படி நாலு பெண்கள் இருந்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீப்பெட்டி கம்பெனி முதலாளி, விளம்பரத்துக்காகத் தன் ஆலையில் குச்சி அடுக்கிய பெண்களில் நாலு பேரைப் பொறுக்கி, வெள்ளைச் சட்டை மாட்டி லாரியில் ஏற்றினார். குருவம்மாளுக்குக் கிளாரினெட், மாரித்தாய்க்குக் கித்தார். பொன்னுத்தங்கம் அக்கார்டியனை மார்பில் மாட்டிக்கொண்டு பாடுவாள். குச்சிச் சட்டத்தைத் தட்டிச் சமன்செய்கிற போதே தாளம் போடுகிறவள் என்பதால் வள்ளித்தாய்க்குப் பெரிய டிரம். அதை மாட்டிக்கொண்டால் ஜனங்களுக்கு அவளுடைய நெற்றியும் காலும்தான் தெரியும். விருதுநகர் பொங்கல், சாத்தூர்ச் சந்தை, கோவில்பட்டி என்று அவர்கள் போகாத ஊர் இல்லை. பொம்பளைப் பிள்ளைகள் கொட்டடிப்பதைப் பார்க்க மரத்தில் ஏறி நின்றார்கள். கல்லெறிந்தவர்களும் உண்டு.

அந்த நாலு பேரில் பொன்னுத்தங்கமும் வள்ளித்தாயும்தான் நகமும் சதையும். பொன்னுத்தங்கம் தானாகவே ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். ஒவ்வொரு வரி முடிவிலும் எல்லாரும் நிறுத்திக்கொள்ள வேண்டும், வள்ளித்தாய் மட்டும் இரண்டு அடி அடிக்க வேண்டும். டம், டம். பிறகுதான் அடுத்த வரி. "அந்த எடம் ஒன் எடம்டீ. அங்கனதேன் நான் மூச்சு விட்டுக்கிருவேன்" என்பாள்.

மெட்ராசிலிருந்து அழைப்பு வந்தது. அந்த வாரம் பார்த்து வள்ளித்தாயின் அம்மாவுக்கு ஒரு பக்கம் விளங்காமல் போனது. மூன்று பேரும் ரயில் ஏறினார்கள். "ஆத்தாளுக்குச் சரியானதும் வந்துரு" என்று ஜன்னலில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் பொன்னுத்தங்கம். ஆத்தாளுக்குச் சரியாகவில்லை. டிரம்மைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. வள்ளித்தாய், தீப்பெட்டியை விட்டுவிட்டு எம். புதுப்பட்டிப் பக்கம் வெடிக்குப் போனாள். பட்டாசு ஆலை வேலைக்குப் போவதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஒருத்தி தீப்பெட்டிக்குப் போகிறாள், ஒருத்தி அச்சுக்குப் போகிறாள், ஒருத்தி வெடிக்குப் போகிறாள். காலையில் தூக்குச்சட்டியோடு போகிறவர்கள் சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். அதை மெட்ராசுக்கு எழுதினாள். பதில் வந்தது. மூன்று கடிதத்துக்குப் பிறகு வரவில்லை.

அப்புறம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். லாரியில் ஏறிக் கொட்டடித்தவளைப் பெண்கேட்டு யாரும் வரவில்லை. முதலில் வருத்தமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது என்று சொன்னால் பொய். பழகவே இல்லை. சமைத்ததைத் தனியாக உட்கார்ந்து தின்கிறபோதெல்லாம் பொன்னுத்தங்கத்துக்கு ஒரு வாய் எடுத்து வைத்தால் என்ன என்று தோன்றும். போஸ்டரைப் பார்த்த அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. பொன்னுத்தங்கம் என்னை எப்படிச் சொல்லியிருப்பாள், என்ன சொல்லியிருப்பாள் என்று ஒன்பது நாள் அதே நினைப்பு. பார்த்தால், கொன்றுபோட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை வெடி ஆபீசுக்குள் நுழையும்போதே போர்மேன் ஆண்டிச்சாமி பிடித்துக்கொண்டார். "ஏலே, செத்தவ வந்துட்டா. பேயிக்கு எந்த ஷெட்டுல எடம் குடுக்க?" எல்லாரும் சிரித்தார்கள். வள்ளித்தாய் போய் வெடிச்சரம் பின்ன உட்கார்ந்தாள். எதிரே இருந்த பஞ்சம்மாள் மனசு பொறுக்காமல் சொன்னாள்: "விடுக்கா. செத்துப்போனதாச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாக."

"சேதி சொன்னவ யாரு? அவதானே."

"அவதேன் சொன்னான்னு நீக எப்படிக் கண்டீக?"

"படத்துக்குக் கதை சொன்னதே அவதேன். பாட்டுப் புத்தகத்துல போட்டிருக்கான்."

அந்தப் பாட்டுப் புத்தகத்தில் மெட்ராஸ் கம்பெனி விலாசமும் இருந்தது. ஒரு கார்டு வாங்கி, பொன்னுத்தங்கத்தின் பெயரைப் போட்டு, அந்த விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினாள். மறுபக்கம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு வாரம் முழுக்க மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். அம்புட்டும் ஒரு கார்டில் அடங்காது. என்னை மறந்திருந்தால்கூடச் சரி, எங்கேயோ நல்லா இருக்கிறாள் என்று விட்டிருக்கலாமே, செத்துப்போனாள் என்று சொல்ல எப்படி வாய் வந்தது என்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் தான் எப்படிச் செத்தோம் என்பதையாவது முழுசாகப் பார்த்துவிடலாம் என்று, படம் மாறப்போகிற கடைசி ஞாயிறு மறுபடியும் மேட்னிக்குப் போனாள். இந்தத் தடவை கடலை வாங்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. மெட்ராசில் ஒரு பெரிய கட்டடத்தின் வாசல். கோட்டுப் போட்ட ஒருவர், "மூவர்தானே வந்திருக்கிறீர்கள், டிரம் வாசிக்கும் பெண் எங்கே?" என்று கேட்கிறார். பொன்னுத்தங்கமாக நடித்த நடிகை அதுவரை மேடைத் தமிழில்தான் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வரியை மட்டும் எவனோ அப்படியே விட்டிருந்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"அவ வெடிக்குப் போயிட்டா."

கொட்டகை சிரித்தது. "நம்ம எல்லாருந்தேன் போறோம்" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். அடுத்த நொடி டமார்.

வள்ளித்தாய்க்கு இப்போதுதான் விளங்கியது. பொன்னுத்தங்கம் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். கதை எழுத வந்தவன் கேட்டிருப்பான், இவள் ஊர்ப் பேச்சில் பதில் சொல்லியிருப்பாள். அவன் ஊரில் வெடிக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்கள் யார் இருக்கிறார்கள்? பேனாவை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பான், மடையன். படமான பிறகு பார்த்து, ஐயோ அப்படி இல்லை என்று பொன்னுத்தங்கம் சண்டை போட்டாளோ, இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, ஒருவேளை நிஜம்தானோ என்று அவளே நம்பிவிட்டாளோ, அது தெரியவில்லை. எழுந்து போகத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

கடைசிக் காட்சியில் பெரிய மேடை. மூன்று பெண்கள். நடுவே மாலை போட்ட டிரம், வாசிக்க ஆளில்லாமல். பொன்னுத்தங்கத்தின் பாட்டை வாசித்தார்கள். வார்த்தையை எல்லாம் மாற்றிவிட்டார்கள், மெட்டு அவளுடையது. முதல் வரி முடிந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். சத்தமே இல்லை. இரண்டு அடி நேரம் அப்படியே காலியாக விட்டு, பிறகு இரண்டாவது வரியை எடுத்தார்கள். மறுபடியும் வரி முடிவில் அந்த இடம் காலி. பின்வரிசையில் ஒருவன் ஆபரேட்டரைத் திட்டி விசிலடித்தான், சத்தம் போய்ப் போய் வருகிறது என்று. வள்ளித்தாய் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட எடுக்கவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் ஒவ்வொரு வரிக்கும் அந்த இடம் வந்தது, அவளுக்காகக் காத்திருந்தது, போய்விட்டது.

வெளியே வந்தபோது வெயில் தாழவில்லை. புதுப்பட்டி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வெற்றிலைக் கடைக்காரரிடம் பென்சில் வாங்கி, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து கார்டை எடுத்தாள். அலுமினியப் பொடி ஏறிய விரல் பட்ட இடமெல்லாம் கார்டு மினுங்கியது. ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த திட்டு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. 'வெடிக்குப் போனவ வந்துட்டேன்' என்று மட்டும் எழுதினாள். கீழே பெயர் எழுத இடம் நிறைய இருந்தது, எழுதவில்லை.

தபால்பெட்டி பஸ் ஸ்டாண்டு மூலையில் இருந்தது. கார்டை உள்ளே விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அந்த விலாசத்தில் அவள் இருக்கிறாளோ இல்லையோ, இருந்தாலும் கம்பெனிக்காரர்கள் அதை அவள் கையில் கொடுப்பார்களோ என்னவோ. புதுப்பட்டி பஸ் வந்து ஆரன் அடித்தது. வள்ளித்தாய் சுற்றிலும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து, அந்தச் சிவப்புப் பெட்டியின் இரும்புத் தலையில் இரண்டு அடி அடித்தாள். டம், டம்.