இதய டாக்டரின் கையெழுத்து

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பருவம் வந்தால் எங்கள் அயோவா கல்லூரியில் திடீர்ப் பாசம் பொங்கி வழியும். வருடமெல்லாம் வகுப்பில் தூங்கியவர்கள் பேராசிரியர்களின் அறை வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். சிபாரிசுக் கடிதம் வேண்டுமே!

என் பக்கத்து அறை வெஸ்லிக்கு அந்தக் கவலை இல்லை. அவனுக்கு டாக்டர் ப்ரூடன் இருந்தார். பெயர்பெற்ற இதய நிபுணர். அவன் அப்பாவோடு கோல்ஃப் ஆடுகிறவர். கோடை விடுமுறையில் அந்த மனிதர் பின்னால் ஆஸ்பத்திரியைச் சுற்றி வந்ததில் வெஸ்லி நன்றாகப் பார்த்தது அவர் முதுகை மட்டும்தான்.

"ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஹாலோரன் மேடத்தக் கேளுடா. பாடம் நடத்தினவங்களுக்குத்தான் உன்னைத் தெரியும்" என்றேன்.

"எனக்கு பி கிரேடு போட்ட பொம்பள அது, மார்கிட்! கடிதத்துக்குக் கீழ பெரிய ஆள் பேர் இருக்கணும். அதத்தான் பாப்பாங்க."

"மேல எழுதியிருக்கறதையும் படிப்பாங்கடா. அவங்களுக்கும் படிக்கத் தெரியும்."

சிரித்தான். டாக்டர் ஆகிவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ஆகாவிட்டால் அப்பாவின் டிராக்டர் கடையில் உட்கார வேண்டியதுதான். அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் அவனுக்கு விருப்பமில்லை.

சிபாரிசுக் கடிதம் கேட்டு வெஸ்லி எழுதியதற்கு ஒரு வாரத்தில் ப்ரூடன் பதில் போட்டார்: 'நீயே எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.' வெஸ்லி சாப்பாட்டுக் கூடத்தில் மேசை மேசையாகப் போய்ப் போனை நீட்டிக் காட்டினான். வெட்கமே இல்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு எழுத உட்கார்ந்தான். நாள் கடந்ததே தவிர முதல் வரி வரவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் ஹாலோரன் மேடத்திடம் ஓடினான். ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்து என் கட்டிலில் தொப்பென்று விழுந்தான்.

"வருஷத்துக்கு அஞ்சு பேருக்குத்தான் எழுதுவாங்களாம். அஞ்சாவது இடமும் போயிடுச்சாம். எவனோ முந்திக்கிட்டான்."

"நான்தான்."

சொல்வதற்கு எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. மேடத்தின் அறையில் வாராவாரம் உட்கார்ந்து அடி வாங்காத குறையாகப் படித்தவள் நான்.

"விட்டுக் குடேன் மார்கிட். உனக்கு யார் வேணா எழுதுவாங்க."

"மாட்டேன்."

எழுந்து போய்த் தன் மடிக்கணினியை எடுத்துவந்து என் பக்கம் திருப்பினான். வெள்ளைத் திரை.

"சரி, அந்த டாக்டர் கடிதத்தையாவது முடிச்சுக் குடு. மூணு வருஷமா பக்கத்து ரூம்ல இருக்க. என்னப் பத்தி நல்லதா நாலு வரி சொல்லு போதும், நான் அடிச்சுக்கறேன்."

விரல்களை விசைகள் மேல் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தான். நானும் நிஜமாகவே யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். அவன் மெல்ல விரல்களை எடுத்துக்கொண்டான்.